ஆடு விலை இறங்கி, சோளம் விலை ஏறும்போது: சோமாலியாவின் பசிக்குப் பின்னால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழைக்குக் குறையே இல்லை. ரப்பர் பால்மரத்தை நம்பி வளர்ந்த ஊர் இது. இங்குள்ள பெரியவர்களைக் கேட்டால் மழை அதிகம் பெய்து கெடுத்த கதையைத்தான் சொல்வார்கள். விடியலில் பட்டை நனைந்திருந்தால் வெட்டுக்கு இறங்க முடியாது. அன்றைய சம்பளம் போச்சு. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து சோமாலியாவின் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்க்கும்போது, "அங்க மழையே பெய்யாது, பாவம் சனங்க" என்று சொல்லிவிடுவது எளிது. அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, தோட்டத்துச் சனங்களான நமக்கு மற்றவர்களைவிட வழி அதிகம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பார்த்துவிடலாம். சோமாலியாவில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பெய்வதை 'கு' என்கிறார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்வது 'டெய்ர்'. தெற்கில் தானியம் விளைவது பெரும்பாலும் கு மழையை நம்பித்தான். ஒரு மழைக்காலம் தவறினால் எப்படியாவது சமாளிப்பார்கள். இரண்டு தவறினால் கடன் ஏறும். 2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை ஐந்து மழைக்காலங்கள் வரிசையாகத் தவறின. குறைந்தது 40 ஆண்டுகளில் அங்கே அப்படி நடந்ததில்லை. பசிபிக் பெருங்கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோகும் 'லா நினா' அப்போது மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. லா நினா ஆண்டுகளில் நம் பக்கம் மழை கூடும்; கிழக்கு ஆப்பிரிக்காவில் குறையும். புவி சூடேறுவதால் மண்ணில் இருக்கிற கொஞ்ச ஈரமும் முன்பைவிட வேகமாக ஆவியாகிறது. இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் 2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வறட்சி சோமாலியாவோடு நிற்கவில்லை. கென்யாவின் வடக்கும் எத்தியோப்பியாவின் தெற்கும் அதே வெயிலில்தான் காய்ந்தன. அங்கேயும் கால்நடைகள் செத்தன, பிள்ளைகள் மெலிந்தார்கள். இருந்தும் ஜூலை 20 அன்று ஐக்கிய நாடுகள் சபை பஞ்சம் என்று அறிவித்தது தெற்கு சோமாலியாவின் இரண்டு வட்டாரங்களில் மட்டும்: பக்கூலின் தெற்குப் பகுதி, கீழ் ஷபெல்லே. அடுத்த சில வாரங்களில் சேர்க்கப்பட்ட மற்ற இடங்களும் சோமாலியாவின் தெற்கிலேயே இருந்தன. மேகம் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் எத்தியோப்பியாவில் 2005 முதலே ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் பணமோ தானியமோ கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அரசாங்கமே இல்லாத நிலப்பரப்பு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, பால் வெட்டி ஓய்ந்தவர், இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஆடு, ஒட்டகம்னு அவ்வளவு வச்சிருக்கிறவங்க எப்படித் தம்பி பட்டினி கிடப்பாங்க? அடிச்சுச் சாப்பிட்டா ஆகாதா?"

நல்ல கேள்வி. இந்தப் பசியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

ஆடு மேய்க்கும் சோமாலியக் குடும்பம் தினமும் ஆட்டுக்கறி தின்று வாழ்வதில்லை. அவர்களுக்குக் கால்நடைதான் சேமிப்பு, அதுதான் வருமானமும். பாலைக் குடிப்பார்கள், மிஞ்சினால் விற்பார்கள். அவ்வப்போது ஓர் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய், வந்த காசில் சோளம், சோள மாவு, எண்ணெய், சீனி, தேயிலை வாங்குவார்கள். ஓர் ஆட்டின் விலைக்குக் கிடைக்கும் தானியத்தில் இருக்கும் உணவு, அந்த ஆட்டையே அடித்துத் தின்றால் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அதனால் ஆட்டை விற்றுத் தானியம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சந்தை ஒழுங்காக இருக்கும் வரை.

மழை தவறியதும் புல் காய்கிறது. முதலில் பால் வற்றுகிறது. வீட்டில் பாலை நம்பி இருப்பது சின்னப் பிள்ளைகள். ஆகவே முதல் அடி அவர்களுக்கு. அப்புறம் ஆடு மெலிகிறது. செத்துப்போவதற்கு முன்னால் விற்றுவிடலாம் என்று எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வருகிறது. எலும்பு தெரியும் ஆடுகள் ஏராளம், வாங்க ஆள் இல்லை. விலை விழுகிறது. அதே மாதத்தில் விளைச்சல் இல்லாததால் சோளத்தின் விலை ஏறுகிறது. 2011-ல் தெற்கில் சில சந்தைகளில் சிவப்புச் சோளத்தின் விலை ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் ஏற, முன்பு மூட்டைக் கணக்கில் தானியம் தந்த ஆடு இப்போது சில கிலோ தருகிறது. கூலிக்குக் களை பிடுங்கி, அறுவடை செய்து பிழைத்தவர்களின் நிலை இன்னும் மோசம். விதைப்பே இல்லாத வயலில் கூலி ஏது? அவர்களுக்கு விற்க ஆடும் கிடையாது.

தெற்கு சோமாலியாவின் பைடோவா நகரச் சந்தையில் அப்போதும் சோளம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கடையில் உணவு இருக்கும்போதே வாங்க முடியாதவர்கள் சாகிறார்கள். 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981-ல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: ஊரில் மொத்தம் எவ்வளவு அரிசி என்பதைவிட, யாரால் அதை வாங்க முடிகிறது என்பதே பஞ்சத்தைத் தீர்மானிக்கிறது.

நம் தோட்டங்களின் கதையும் இதேதான். தோட்டத்தில் யாரும் ரப்பரைத் தின்றதில்லை. பாலை வெட்டிக் கூலி வாங்கி, அந்தக் கூலிக்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியை வாங்கினார்கள் நம் முன்னோர்கள். 1929-க்குப் பிறகு உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது மழைக்கோ மரத்துக்கோ ஒன்றும் ஆகவில்லை. பால் வழக்கம்போல் வடிந்தது. கூலியை வெட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். கிட்டத்தில் நடந்ததும் நினைவிருக்கும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசியின் விலை ஏறியதும், 10 கிலோ 26 ரிங்கிட் கட்டுப்பாட்டு விலையில் இருந்த உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது. நமக்கு அது சில வாரத் தொல்லை. மீகூனும் ரொட்டியும் வைத்துச் சமாளித்தோம். வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் குடும்பத்துக்கு அதே ஏற்றம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியபோது சோமாலியா தன் கோதுமையில் 90 சதவீதத்துக்கும் மேல் ரஷ்யாவிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. வறட்சியின் நடுவில், எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வெடித்த போர் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவின் மாவு விலையை ஏற்றியது.

வெளியூர்ச் சந்தையை நம்பியிருப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. சோமாலியாவின் ஆடும் ஒட்டகமும் பெருமளவில் போவது சவூதி அரேபியாவுக்கு, குறிப்பாக ஹஜ் மாதங்களில். கால்நடைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் ரிஃப்ட் வேலி காய்ச்சல் பயத்தால் 2000-ல் சவூதி விதித்த இறக்குமதித் தடை 2009 வரை நீடித்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் மேய்ச்சல் குடும்பங்கள் சேர்த்திருக்க வேண்டியது சேராமல் போனது. வேறு வழியில்லாமல் பலர் வேல மரங்களை வெட்டிக் கரியாக்கி விற்றார்கள். அந்தக் கரி வளைகுடா நாடுகளுக்குக் கப்பலில் போனது. கிஸ்மாயோ துறைமுகத்தில் அதற்கு வரி வசூலித்தது, அரசை எதிர்த்துப் போரிடும் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2012-ல் கரி ஏற்றுமதியைத் தடை செய்தது, அதற்குள் எத்தனையோ மேய்ச்சல் காடு மொட்டையாகிவிட்டது.

சரி, பஞ்சம் வந்தால் எல்லாரும் ஒன்றுபோலச் சாகிறார்களா? இல்லை. 1992-லும் 2011-லும் அதிகம் செத்தவர்கள் இரண்டு கூட்டத்தார்: ஜூபா, ஷபெல்லே ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவில் விவசாயமும் மேய்ச்சலும் சேர்த்துச் செய்யும் ரஹன்வெய்ன் குலத்தார்; ஆற்றங்கரைகளில் பயிர் செய்யும் பாண்டு மக்கள். நாட்டிலேயே செழிப்பான மண் அவர்கள் காலடியில்தான் இருக்கிறது. ஷபெல்லேக் கரையில் இத்தாலியக் காலனி அரசு கரும்புத் தோட்டமும் வாழைத் தோட்டமும் போட்டது. ஜோஹரில் 1920-ல் ஓர் இத்தாலிய நிறுவனம் கரும்பைத் தொடங்கியது. ஜெனாலே பக்கம் வாழை. வேலைக்கு ஆள் சேராதபோது ஆற்றங்கரைப் பாண்டு மக்களை வலுக்கட்டாயமாகப் பிடித்து வந்து வேலை வாங்கினார்கள். கங்காணியும் கிராணியும் நமக்குப் பழக்கம். அங்கே துப்பாக்கியே கங்காணி. சுதந்திரத்துக்குப் பின் 1975-ல் வந்த நிலச் சட்டம் எல்லா நிலத்தையும் அரசுடைமையாக்கியது. பதிவு செய்யத் தெரிந்தவர்கள், அதிகாரிகளுக்கு வேண்டியவர்கள், நல்ல நிலத்தைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். தலைமுறைகளாக அதே மண்ணை உழுதவர்கள் கூலிகளானார்கள்.

1991 ஜனவரியில் அதிபர் சியாட் பாரே துரத்தப்பட்டதும் நாடு சிதறியது. ஓடிய படையும் துரத்திய படையும் மாறி மாறி இந்த இரண்டு ஆற்று நடுநிலத்தைத்தான் மிதித்தன. குதிரில் இருந்த தானியத்தை எடுத்தார்கள், கால்நடையை ஓட்டிப் போனார்கள், பம்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். குலச் சண்டையில் துப்பாக்கி இல்லாத குலம் எதையும் காப்பாற்ற முடியவில்லை. 1992-ல் செத்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். டிசம்பரில் அமெரிக்கத் துருப்புகள் கரையிறங்கியபோது சாவின் உச்சம் கடந்துவிட்டிருந்தது. பிறகு வந்த ஐ.நா. படையில் மலேசிய வீரர்களும் இருந்தார்கள். 1993 அக்டோபரில் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்கர்களை மீட்கக் கவச வண்டிகளோடு போனவர்கள் அவர்கள். அந்த இரவில் ஒரு மலேசிய வீரர் உயிரிழந்தார். நம் நாட்டில் சோமாலியா என்றால் அந்த மீட்புதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்தப் படை எதற்காக அங்கே போனது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி, உணவையே ஆயுதமாக்குவது. இது நம் ஊருக்குத் தெரியாத விஷயமல்ல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. 1950 முதல் பிரிட்டிஷ் ஆட்சியின் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் சுமார் 5 லட்சம் பேரை முள்வேலிக்குள் இருந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்ட லயங்களையும் ஒன்றாகத் திரட்டி வேலி போட்டார்கள். 1951-லிருந்து காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுக்கும் கட்டுப்பாடு இறுகியது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. டின் உணவைக் கடைக்காரர் துளையிட்டுத்தான் விற்க வேண்டும், சேர்த்து வைக்க முடியாதபடி. வெட்டுக்குப் போகிறவர்களைக் காலையில் வாயிலில் நிறுத்திச் சோதித்தார்கள். சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. சில இடங்களில் அரிசியே கொடுக்காமல், பொதுச் சமையலில் வெந்த சோறாகவே கொடுத்தார்கள். நம் வெயிலில் சோறு ஒரு நாளில் கெட்டுவிடும், காட்டுக்குக் கடத்தினாலும் பயன்படாது என்பது கணக்கு. வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை வெட்டியதை நம் தாத்தா பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வேலிக்குள் ரேஷன் இருந்தது, சம்பளம் இருந்தது. அதனால் பஞ்சம் வரவில்லை.

சோமாலியாவில் வேலிக்குள் அளந்து கொடுக்க யாரும் இல்லை. 2014-ல் அரசுக்குத் துணை நின்ற ஆப்பிரிக்க ஒன்றியப் படைகள் பக்கூல் வட்டாரத்து ஹுதூர் போன்ற ஊர்களைப் பிடித்ததும், அல்-ஷபாப் அந்த ஊர்களுக்குப் போகும் சாலைகளை அடைத்தது. லோரி போக முடியாது. கழுதை வண்டியில் ஒளித்துக் கொண்டுவந்ததுதான் சந்தைக்கு, விலையோ வானத்தில். திறந்திருக்கும் சாலைகளிலும் சோதனைச் சாவடிக்குச் சாவடி வரி. அந்த வரி முழுவதும் கடைசியில் மாவு வாங்கும் தாயின் தலையில் விழுகிறது. 2011-ல் இன்னும் கொடுமை: அல்-ஷபாப் பல உதவி நிறுவனங்களைத் தன் பகுதிகளிலிருந்து விரட்டியது, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியிலேயே தெற்கை விட்டு வெளியேறியிருந்தது, பசியில் ஓடிப்போக நினைத்தவர்களையும் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. 2008-ல் அல்-ஷபாபைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்த அமெரிக்கா, உதவியில் ஒரு பங்கு அவர்கள் கைக்குப் போனாலும் உதவி நிறுவனமே குற்றவாளி என்று ஆகிவிடும் சட்டங்களை வைத்திருந்தது. அந்தப் பயத்தில் உதவி பெருமளவு சுருங்கியது. பஞ்சம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் விதிகளைத் தளர்த்தினார்கள். அரசுப் பகுதிகளிலும் முகாம்களுக்கு வந்த உணவும் பணமும் இடையில் நிற்பவர்களால் பிடுங்கப்பட்டன, ஐ.நா. விசாரணையில் அது பரவலாக நடப்பது தெரிந்ததும் 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் சோமாலியாவில் உலக உணவுத் திட்டத்துக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. திருடியவர்கள் ஒரு பக்கம், தண்டனை அனுபவித்தவர்கள் இன்னொரு பக்கம். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

2010 அக்டோபரிலிருந்து 2012 ஏப்ரல் வரை அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 2,58,000 பேர். அதில் 1,33,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நேரடியாகப் பட்டினியில் போனவர்களைவிட, பட்டினியில் உடம்பு தளர்ந்து தட்டம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் போனவர்களே அதிகம். முகாமில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கிணற்றைப் பார்த்து நிற்கும்போது நோய் தொற்றுவதற்கு நேரமாகாது. இப்போது பஞ்சம் என்று அறிவிக்க மூன்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு கிட்டத்தட்ட அறவே இல்லை, குழந்தைகளில் 30 சதவீதத்துக்கும் மேல் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, நாளொன்றுக்கு 10,000 பேரில் இருவருக்கும் மேல் சாவு. மூன்றும் சேர்ந்து தெரியும் வரை காத்திருந்தால் சாவு நடந்து முடிந்திருக்கும் என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும். 2011-க்கான எச்சரிக்கைகள் 2010 இறுதியிலிருந்தே வந்துகொண்டிருந்தன. பணம் வந்து குவிந்தது அறிவிப்புக்குப் பிறகு. 2022-லோ பஞ்சம் என்று அறிவிக்கும் அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த ஒரே ஆண்டில் வறட்சியால் கூடுதலாக இறந்தவர்கள் 43,000 பேர் இருக்கலாம் என்று பின்னால் மதிப்பிட்டார்கள், பாதிப்பேர் பிள்ளைகள். கால்நடைகள் முப்பது லட்சத்துக்கும் மேல் செத்தன. ஆட்டு மந்தையை மீண்டும் வளர்க்கவே சில ஆண்டுகள் ஆகும். ஒட்டகத்துக்கு அதைவிட அதிகம். வறட்சி முடிந்தது என்று செய்தி வந்த பிறகும் பசி போகாததற்குக் காரணம் இது.

வறட்சி முடிந்த விதமும் கேளுங்கள். 2023 அக்டோபருக்குப் பின், லா நினாவுக்கு நேர்மாறாகப் பசிபிக் சூடேறும் எல் நினோவும் இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை மாற்றமும் சேர்ந்து பேய்மழை கொட்டியது. பெலட்வெய்ன் நகரம் ஷபெல்லேயில் மூழ்கியது. நாடு முழுவதும் பத்து லட்சம் பேருக்கும் மேல் வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டு ஆறுகளும் எத்தியோப்பிய மலைகளில் பிறந்து வருபவை. வெள்ளத்தை அடக்கும் கரைகளும் கால்வாய்களும் 1991-க்குப் பிறகு பராமரிப்பின்றித் தூர்ந்துபோனவை. வறண்ட மாதங்களில் கொஞ்சம் தண்ணீர் எடுக்க விவசாயிகளே கரையை வெட்டுவார்கள். அடைக்க வசதி இருக்காது. அடுத்த வெள்ளம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். தண்ணீர் இல்லாமலும் சாவு, தண்ணீர் வந்தும் சாவு. ஆறு அதேதான், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் இலாகா இல்லை.

இத்தனைக்கும் நடுவில் அந்தச் சனங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சோமாலியர்கள் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சம்பளத்தை ஊருக்கு அனுப்பிய கையெழுத்துத் தெரியாத தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தப் பணத்தின் அருமை தெரியும். வங்கி இல்லாத ஊரிலும் கைத்தொலைபேசி வழியாகவே பணம் போய்ச் சேர்கிறது, கடையிலும் அதிலேயே கணக்கு முடிகிறது. 2017-ல் மழை தவறியபோது எச்சரிக்கையைக் கேட்டு முன்கூட்டியே பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சந்தையில் தானியம் இருந்தது, கையில் காசு இருந்தது. அந்த ஆண்டு பஞ்சம் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து உறவு அனுப்பும் பணமோ பலம் உள்ள குலத்துக்குத்தான் அதிகம் போகிறது. ரஹன்வெய்ன், பாண்டு குடும்பங்களுக்கு வெளிநாட்டில் ஆள் குறைவு. உதவிப் பணம் தேடிப்போக வேண்டியது அந்த வீடுகளைத்தான்.

2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு வெட்டியது. சோமாலியாவில் தாங்கள் உணவு கொடுப்போரின் எண்ணிக்கையை உலக உணவுத் திட்டமும் குறைத்துக்கொண்டது. நம் ஊரில் உண்டியல் வைக்கிறவர்கள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் பிரித்துக் கொடுக்கிறவர்கள், படம் பரவும் மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். படம் பரவுவது பெரும்பாலும் பால் வற்றி, ஆடு விற்று, குடும்பம் முகாமுக்கு நடந்த பிறகு. டெய்ர் மழை தவறியது டிசம்பர் கடைசியிலேயே தெரிந்துவிடும். ஜனவரியில் கையில் காசு கிடைத்தால் ஆடு விலை விழுவதற்கு முன்னால் அந்தக் குடும்பம் சோளம் வாங்கி வைக்கும், தீவனம் வாங்கிப் பால் தரும் இரண்டு ஆட்டையாவது காப்பாற்றும். ஏப்ரலில் கு மழையும் வரவில்லை என்றால் அந்த இரண்டு ஆடுகள்தான் பிள்ளைக்குப் பால்.